ஓடுகிறவளுக்கு எறிந்த பந்து

சொஃப்ட்போல் என்று இந்த விளையாட்டுக்குப் பெயர் வைத்த புண்ணியவான் ஒருநாளும் அந்தப் பந்தால் அடி வாங்கியிருக்க மாட்டார். மென்மை பெயரில் மட்டும்தான். நல்ல பெரிய விளாம்பழம் அளவு இருக்கும், மேலோடும் அதைப் போலவே கெட்டி. தொடையில் பட்டால் ஒரு கிழமைக்கு நீலம் போகாது. இதை மற்ற எவரையும்விடப் பிரியந்தி நன்றாக அறிவாள். அறிந்தவளின் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது.

பிரியந்தி மொன்றியலின் வடக்குப் பக்கத்தில் ஒரு செஜெப்பில் பெண்கள் அணிக்குப் பயிற்றுநராக இருந்தாள். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போகுமுன் படிக்கிற கல்லூரியை இங்கே செஜெப் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பத்தொன்பது வயதில் அகதியாக வந்து இறங்கி, பகலில் பிள்ளை பராமரிக்கும் கார்டெரியில் வேலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு என்று அலைந்து, கடைசியில் உடற்கல்வியில் பட்டம் எடுத்தவள். "பந்தடிக்கவும் ஒரு பட்டமோ?" என்று மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து நிற்கும்போது கேட்ட பெண்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் கணக்கியலும் கணினியும் படித்தார்கள். பிரியந்தி சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். சிரிப்பு வெளியேதான், உள்ளே அவளுக்குக் கொதிக்கும். ஒருநாள் இவர்களுக்குக் காட்டுகிறேன் என்ற வீம்பு அவளிடம் நிறையவே இருந்தது.

அந்த வீம்புக்கு 2007ஆம் ஆண்டு ஒரு வழி திறந்தது. அதுவரை அவளுடைய வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. கல்லூரியின் விளையாட்டுத்துறைப் பொறுப்பாளர் செர்ஜ், அந்த முறை அணி இறுதிச் சுற்றுக்குப் போனால் அவளை நிரந்தரமாக்குவதற்குத் தான் எழுதிக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். செர்ஜ் நல்ல மனிதர். எல்லோருக்கும் நல்லவராக இருப்பதே தன் உத்தியோகம் என்று நம்புகிற சாதி.

அதே காலத்தில்தான் அவளுக்குக் கஜந்தினி கிடைத்தாள்.

கல்லூரிப் புல்வெளியில் பையன்கள் சிலர் விளையாடிக்கொண்டிருந்த பந்து தெருப்பக்கமாக ஓடிவிட்டது. பேருந்துக்கு நின்ற ஒரு மெலிந்த பெண் அதைக் குனிந்து எடுத்து, தோளில் புத்தகப் பை தொங்கியபடியே, கையைச் சுழற்றி எறிந்தாள். பந்து வளையாமல் நேரே போய்ப் பையனின் கையில் விழுந்தது. பிரியந்தி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைச்சுழற்சி அவளுக்குத் தெரிந்த சுழற்சி.

"பிள்ளை தமிழோ?"

"ஓம்."

"எங்கை எறியப் பழகினது?"

"எல்லே விளையாடினனான். பள்ளிக்கூட ரீமிலை."

தமிழ்நாட்டு வாசகருக்காக ஒரு வார்த்தை. எல்லே இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஆடுகிற ஆட்டம். பந்தை அடித்துவிட்டு, மைதானத்தில் குறித்து வைத்த நாலு தரிப்புகளையும் சுற்றி ஓடிவர வேண்டும். அதுவரை பார்த்தால் எல்லேயும் சொஃப்ட்போலும் அக்கா தங்கைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சொஃப்ட்போலில், ஓடுகிறவள் அடுத்த தரிப்புக்கு வருமுன் அங்கே காத்து நிற்கும் உன் ஆளிடம் பந்தை எறிய வேண்டும். எல்லேயில் ஓடுகிறவளுக்கே எறியலாம். உடம்பில் பட்டால் அவள் ஆட்டமிழந்தாள். அது ரெனிஸ் பந்து, பட்டால் சுள்ளென்று ஒரு வலி, அதோடு சரி. நன்றாக எல்லே ஆடுகிறவளின் கை, ஓடுகிற முதுகைத் தானாகத் தேடும்.

கஜந்தினிக்கு அப்போது பதினேழு வயது. தகப்பன் இல்லை. தாய்மாமன் பொறுப்பெடுத்துத் தாயையும் மகளையும் கனடாவுக்குக் கூப்பிட்டு மூன்று வருடமாகியிருந்தது. கார்ட்டியர்வில் பக்கத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். தாய் சிவநேசம் உடுப்புத் தொழிற்சாலையில் தையல். மகள் செஜெப்பில் தாதியர் படிப்பு. பிரெஞ்சை மண்டையில் ஏற்றுவதற்குள் பிள்ளைக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் மூன்று வருடத்தில் வெள்ளைச் சீருடையோடு ஏதாவதொரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிடுவாள் என்பதில் தாய்க்கும் மகளுக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அந்த வீட்டில் வேறு கனவு இல்லை.

பிரியந்தி அவளை அணியில் சேர்த்தாள். இரண்டாம் தரிப்புக்கும் மூன்றாம் தரிப்புக்கும் நடுவில், பந்து அதிகம் வருகிற இடத்தில், நிறுத்தினாள். மற்றப் பெண்களுக்குப் பிரெஞ்சில் கத்துவாள், கஜந்தினிக்குத் தமிழில். எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. சொந்த அணிக்கும் விளங்காது. ஒருமுறை செர்ஜ் கூப்பிட்டு, மைதானத்தில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேசினால் நல்லது என்று பக்குவமாகச் சொன்னார். "அவளுக்கு இன்னும் பிரெஞ்சு வேகமாக வருவதில்லை" என்று பிரியந்தி சமாளித்தாள். உண்மை அதுவல்ல. பதினாலு வருடமாகத் தன் வாயில் இல்லாத ஒரு சந்தோஷம் அந்தத் தமிழ்க் கத்தலில் அவளுக்குக் கிடைத்தது. யார்தான் அதை விடுவார்கள்.

குளிர்காலம் முழுவதும் பயிற்சி உள்ளரங்கில். வெளியே பனி முழங்காலுக்கு மேலே. மற்றப் பிள்ளைகள் போன பிறகு இவர்கள் இருவரும் கொஞ்சம் தங்குவார்கள். பிரியந்தி பையிலிருந்து ரெனிஸ் பந்துகளை எடுப்பாள். தானே சுவர் ஓரமாக ஓடுவாள். "அவளுக்கே எறி! அவளுக்கே எறி!" என்று தன்னைத்தானே காட்டிக் கத்துவாள், தன் பள்ளிக்கூடத்தில் எல்லே பழக்கிய சிஸ்டர் கத்திய மாதிரி. கஜந்தினி சிரித்துச் சிரித்து எறிவாள். ஒரு பந்து தவறாது. முப்பத்துமூன்று வயதுப் பயிற்றுநர், முதுகைத் தடவிக்கொண்டு, இன்னொன்று என்பாள். ஓடுகிற குறிக்கு எறியப் பழகினால் கை கூராகும் என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள். கை கூரானது மெய்தான். முறிக்க வேண்டிய பழக்கத்துக்குத் தானே இருந்து தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

செப்டெம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. அணி வென்றுகொண்டே வந்தது. கஜந்தினியைப் பற்றி மற்றக் கல்லூரிகளில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒக்டோபர் தொடக்கத்தில், இறுதிச் சுற்றுக்கு யார் போவது என்று தீர்மானிக்கிற ஆட்டம். எதிரே லவாலிலிருந்து வந்த அணி. அந்த அணியில் மரிலூ என்று ஒரு பெண், நல்ல உயரம், கடுகதி. ஆட்டத்தின் நடுவில் அவள் இரண்டாம் தரிப்புக்குச் சறுக்கி வந்தபோது கஜந்தினியின் காலைத் தட்டி விழுத்திவிட்டாள். இருவரும் எழுந்து இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். ஒருத்தி பேசியது மற்றவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் முகம் விளங்குந்தானே. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டம். பிரியந்தியின் அணி ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. எதிரணியில் இன்னும் ஒருத்தி ஆட்டமிழந்தால் ஆட்டம் முடிந்துவிடும். முதலாம் தரிப்பில் ஒருத்தி, இரண்டாம் தரிப்பில் மரிலூ. அடிக்க வந்தவள் பந்தைத் தட்டினாள். அது தரையோடு உருண்டு கஜந்தினியின் பக்கம் வந்தது. ஓடி வந்து குனிந்து எடுத்தாள். மூன்றாம் தரிப்பில் அவர்களுடைய பெண் கையுறையை விரித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் எறிந்தால் காரியம் முடிந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். மரிலூவோ கஜந்தினிக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லலாம், மூன்றாம் தரிப்பை நோக்கிப் பறந்துகொண்டிருந்தாள்.

ஓரத்தில் நின்ற பிரியந்திக்கு அந்தக் கணத்தில் சொஃப்ட்போல் மறந்து போயிற்று. செர்ஜ் மறந்துபோனார், உத்தியோகம் மறந்துபோயிற்று. அவள் கண்டது ஓடுகிற ஒரு முதுகையும், பந்தோடு நிற்கிற ஒரு கையையும் மட்டுமே.

"அவளுக்கே எறி!"

கஜந்தினி எறிந்தாள். மரிலூ பந்து எங்கே என்று பார்க்க அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பினாள். தலைக்கவசம் நெற்றியைத்தான் மூடும், கண்ணை மூடாது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. மரிலூ விழுந்தாள், எழும்பவில்லை. அவளுடைய தாய் மேலேயிருந்த இருக்கையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கஜந்தினி எறிந்த கையை நீட்டியபடியே அப்படியே நின்றாள். யாரோ வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட வேண்டியிருந்தது.

ஆட்டத்தை அதோடு நிறுத்தி, முன்னுக்கு நின்ற பிரியந்தியின் அணிக்கே வெற்றி என்று எழுதினார்கள். அம்புலன்ஸ் போன பிறகு செர்ஜ் வந்தார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. பிரெஞ்சில் கேட்டார்.

"நீ ஏதோ கத்தினாய். என்ன சொன்னாய் அவளுக்கு?"

"மூன்றாம் தரிப்பு என்றேன். மூன்றாம் தரிப்புக்கு எறி என்றேன்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. சுடுகிற சட்டியிலிருந்து கை தானாக விலகுமே, அப்படி வந்தது. ஆனால் பக்கத்தில் கஜந்தினி நின்றாள். அந்தளவு பிரெஞ்சு அவளுக்கு விளங்கும். அவள் தலையை நிமிர்த்திப் பிரியந்தியைப் பார்த்தாள். கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ரீச்சர் இப்போது சொன்னதைத் திருத்திச் சொல்லுவா என்று காத்துக்கொண்டிருக்கிற பார்வை. பிரியந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மரிலூவின் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று அடுத்த கிழமை செய்தி வந்தது.

கல்லூரி விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை வைத்தது. கஜந்தினியைக் கூப்பிட்டு, ஏன் எறிந்தாய் என்று கேட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உன்னை விழுத்தியதால் கோபமா என்று கேட்டார்கள். அதற்கும் ஒன்றுமில்லை. உன் பயிற்றுநர் ஏதாவது சொன்னாரா? கஜந்தினி மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்த பிரியந்தியைப் பார்த்தாள். பிரியந்தி மேசையைப் பார்த்தாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவளைக் குற்றவாளி என்று நினைப்பது உலக வழக்கம்தானே. குழு அப்படியே நினைத்தது.

ஆனால் ஒரு சிக்கல். யாரோ ஒரு தகப்பன் ஆட்டத்தை வீடியோ எடுத்திருந்தார். அதில் பிரியந்தியின் குரல் தெளிவாகக் கேட்டது. என்ன சொல்லுகிறாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நியாயமாக நடக்க வேண்டும் என்று விரும்பிய குழு, வெளியிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடத் தீர்மானித்தது.

மொன்றியலில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் அருமைநாதன்தான். அகதி வழக்குகளில் இருபது வருடமாக அவர்தான் நம்மவர்களுக்கு வாய். கோயிலிலும் பங்குச் சபைச் செயலாளர். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் ஆட்கள் தேநீரும் ரோல்சுமாக நின்றபோது, அவர் பிரியந்தியைச் சன்னல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, உங்கடை கல்லூரி என்னைத்தான் கூப்பிட்டிருக்கு. உள்ளதைச் சொல்லு. என்ன கத்தினனி?"

அவள் சொன்னாள். செர்ஜிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து, அழாமல் சொன்னாள். அருமைநாதனும் மானிப்பாய் மைதானத்தில் எல்லே ஆடிய மனிதர்தான், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ம்... சரி. அதை மறந்திடு. நான் பாத்துக்கொள்ளுறன்."

"அண்ணை, அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? சின்னப் பிள்ளை. ரெண்டு மூண்டு ஆட்டம் நிப்பாட்டுவினம். பேந்து மறந்துபோடுவினம். நீ அப்பிடியே? எங்கடை சனத்திலை ஒருத்தி இந்த இடத்துக்கு வந்திருக்கிறாய். ஒரு சொல்லுக்காக விழப் போறியே?"

அருமைநாதனைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகும். விசாரணை அறைகளில் நடுங்கிக்கொண்டிருக்கும் நம்மவர்கள், எந்த மாதம் ஊரை விட்டார்கள் என்று தடுமாறும்போது மாதத்தை எடுத்துக் கொடுப்பவர் அவர். "தெரியாது" என்று ஒருவன் சொன்னால் "சரியாக ஞாபகமில்லை" என்று போய்ச் சேரும். முன்னுக்குப் பின் முரணாக உளறியதெல்லாம் அவர் வாய் வழியாக ஒழுங்காகி வெளியே வரும். அப்படி வாழ்ந்த குடும்பங்கள் லாசாலிலும் லவாலிலும் வீடு வாங்கியிருக்கின்றன. அவர் சொன்ன எந்தப் பொய்யும் அதுவரை எவரையும் குத்தியதில்லை. அதனால் இதுவும் குத்தாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

பிரியந்தி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அன்று முழுவதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

அருமைநாதன் வீடியோவை மூன்று தரம் போட்டுக் கேட்டார். கடமைக்குக் கேட்பவர் போல நெற்றியைச் சுருக்கினார். பிறகு சத்தியம் செய்து, "மூன்றாவதுக்கு எறி" என்று மொழிபெயர்த்தார். பயிற்றுநர் சரியாகத்தான் சொன்னார், பிள்ளை கேளாமல் கோபத்தில் எறிந்தாள் என்று குழு முடிவு கட்டியது. தெரிந்துகொண்டே இன்னொருத்தியின் கண்ணைக் கெடுத்தவளை நோயாளிகளின் பக்கத்தில் விட முடியாது என்று தாதியர் பிரிவு கையை விரித்தது. கஜந்தினியைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். இந்தக் காரணத்தோடு வேறு எந்தக் கல்லூரியும் அவளைத் தாதியர் படிப்புக்கு எடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்லூரியே தண்டித்துவிட்டது என்பதால் மரிலூ வீட்டார் பொலிசுக்குப் போகவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே மைதானத்தில் நின்றும் அப்படித்தான் நடந்தது.

நவம்பரில் செர்ஜ் பிரியந்தியைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இறுதிச் சுற்றில் தோற்றாலும் பரவாயில்லை, இவ்வளவு சோதனைக்குள்ளும் நீ நிதானமாக நடந்தாய், உன்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்றார். பிரியந்தி அந்தக் கையை உதறினாள்.

"நான் சொன்னது மூன்றாம் தரிப்பு இல்லை. அவளுக்கே எறி என்றேன். எங்கள் நாட்டில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் ஓடுகிறவளுக்குத்தான் எறிவோம். நான்தான் அவளை அப்படிப் பழக்கினேன். குளிர்காலம் முழுவதும் பழக்கினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். செர்ஜ் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நம்பிவிட்டார் என்று ஒரு கணம் பிரியந்தி நினைத்தாள்.

"பிரியந்தி, உங்கள் மக்கள் ஒருவரையொருவர் இப்படித் தாங்குவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்காக உன் வேலையையே பலி கொடுக்க வருகிறாய். எங்களில் யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் இதை நான் ஏற்க முடியாது."

"வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள்."

"உங்கள் சமூகத்திலிருந்து இன்னொருவரையா?" செர்ஜ் மெதுவாகச் சிரித்தார். "அவருக்கும் மனம் இளகாது என்று என்ன நிச்சயம்? சத்தியம் செய்து ஒருவர் சொல்லியாயிற்று. விடு. வீட்டுக்குப் போய் ஓய்வெடு."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. பொய்யை ஒரே சொல்லில் நம்பியவர்கள், உண்மையை அவள் பக்கம் பக்கமாகச் சொல்லியும் நம்பவில்லை. சொன்னவள் நல்லவள் என்பதே அதற்குத் தடையாயிற்று.

அங்கிருந்து நேரே அருமைநாதன் வீட்டுக்குப் போனாள். சொன்னதைத் திருத்திச் சொல்லுங்கோ அண்ணை என்று கெஞ்சினாள். பிள்ளையை நீக்கிவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. கிழவன் முகம் பழுத்த இலை மாதிரியாகிவிட்டது.

"தங்கச்சி, எனக்கு இந்தளவுக்கு வரும் எண்டு தெரியாது. ஆண்டவராணை தெரியாது."

"அப்ப திருத்துங்கோ."

"திருத்தலாம். சத்தியம் பண்ணிப் பொய் சொன்னனான் எண்டு ஒருக்கா நான் ஒப்புக்கொண்டா, இருவது வருசமா நான் நிண்ட வழக்கெல்லாத்தையும் கிண்டுவினம். எத்தினை குடும்பம் தெரியுமே? பிள்ளை குட்டியோடை இருக்குதுகள். அதுகளைத் திருப்பி அனுப்பினா அங்கை என்ன நடக்குது எண்டு உனக்குத் தெரியும். இப்ப சண்டை திரும்பத் தொடங்கியிருக்கு." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "நீ சொல்லு, நான் திருத்திறன். உன்ரை வாயாலை சொல்லு."

பிரியந்தி சொல்லவில்லை. சொல்ல முடியாது. எழும்பி வந்துவிட்டாள்.

செய்யக்கூடியது ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. கல்லூரி நம்பாவிட்டால் போகட்டும். பெற்ற தாயாவது தன் பிள்ளையைக் கெட்டவள் என்று நினைக்காமல் இருக்க வேண்டும். அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பிரியந்தி கார்ட்டியர்வில்லுக்குப் போனாள். வானம் அழுக்குச் சீலை மாதிரி இருந்தது.

கதவைத் திறந்த சிவநேசம் அவளைக் கண்டதும் பதறிப் போனாள். ஒட்டிய கன்னம், நரை விழுந்த தலை, தைத்துத் தைத்துக் கூனிய முதுகு.

"ரீச்சரே! வாங்கோ, வாங்கோ. உள்ளை வாங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், பரவாயில்லை."

உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினாள். சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேநீர் வைத்துக்கொண்டு வந்தாள். பிரியந்தி வாயைத் திறக்குமுன் அவளே தொடங்கிவிட்டாள்.

"உங்கடை முகத்திலை முழிக்க எனக்கு வெக்கமாயிருக்கு ரீச்சர். தேடிப் பிடிச்சு அணியிலை சேத்தியள். சொந்தப் பிள்ளை மாதிரிப் பாத்தியள். இவள் உங்கடை பேரையும் கெடுத்து, ஆரோ பெத்த பிள்ளையின்ரை கண்ணையும்... நான் இவளை இப்பிடி வளக்கேல்லை. ஏனடி எறிஞ்சனி எண்டு கேட்டா வாயைத் திறக்கிறாள் இல்லை. ஒருநாள் அடிச்சும் கேட்டுப் பாத்தன். பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு அடிச்சனான் ரீச்சர்."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கஜந்தினி வேலை முடிந்து வந்தாள். சென்லோறோன் பக்கத்தில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி கட்டுகிற வேலை. கைவிரல்களில் வெட்டுக் காயங்கள். பிரியந்தியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அதைக் கண்ட பிரியந்தி இனி ஒரு கணமும் பொறுக்க முடியாது என்று எழுந்து நின்றாள்.

"அம்மா, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. உங்கடை பிள்ளை பிழை விடேல்லை. நான்தான் எறியச் சொன்னனான். அவளுக்கே எறி எண்டு கத்தினது நான். எல்லே விளையாடுற ஞாபகத்திலை கத்திப்போட்டன். இவள் என்ரை சொல்லைக் கேட்டதுதான் பிழை. பேந்து எல்லாருக்கும் பொய் சொன்னதும் நான்தான்."

சிவநேசம் அசையாமல் கேட்டாள். பிறகு அவளுடைய முகம் உடைந்தது. முன்னால் வந்து பிரியந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தெய்வம் ரீச்சர் நீங்கள். தெய்வம். என்ரை மனம் ஆறவேணும் எண்டு இவ்வளவு தூரம் வந்து, செய்யாத பாவத்தைத் தலையிலை ஏத்திறியள்."

"இல்லை அம்மா. இது உண்மை. சத்தியமா உண்மை."

"விளங்குது ரீச்சர், விளங்குது. அண்டைக்கே கல்லூரியிலை இருந்து ஆக்கள் வந்து எல்லாம் சொன்னவை. வீடியோவிலை நீங்கள் சரியாத்தான் சொன்னீங்கள் எண்டு எங்கடை தமிழாள் ஒருத்தரே கேட்டுச் சொன்னவராம்." சிவநேசம் மகளின் பக்கம் திரும்பினாள். "கேட்டியேடி? உனக்காகப் பொய் சொல்லுறா. உனக்காக! வா இங்கை. வந்து மன்னிப்புக் கேள்."

கஜந்தினி அசையவில்லை. முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. தாயைப் பார்க்காமல் பிரியந்தியைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் உயர்த்தவில்லை.

"நான் சொன்னா அம்மா நம்பமாட்டா எண்டு தெரியும் ரீச்சர். அதுதான் அடிச்ச நேரமும் சொல்லேல்லை. நீங்கள் ஒருநாள் வந்து சொல்லுவியள், உங்கடை வாயாலை கேட்டா நம்புவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"என்ன கதை உது? ரீச்சருக்கு முன்னாலை நிண்டு என்ன கதை கதைக்கிறாய்? மன்னிப்புக் கேள் எண்டெல்லே சொன்னனான்!"

பிரியந்தி வேண்டாம் என்று கையை நீட்டினாள். கஜந்தினி தோளில் கிடந்த பையைக் கழற்றி நிலத்தில் வைத்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்" என்றாள். சொல்லிவிட்டுக் கை கழுவக் குசினிக்குள் போனாள்.

சிவநேசம் பெருமூச்சு விட்டாள். ஒரு பெரிய கடமை முடிந்தவள் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரியந்தியைத் தோளில் தொட்டு மறுபடி இருத்தினாள். தேநீர்க் கோப்பையை அவள் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

"குடியுங்கோ ரீச்சர், ஆறப்போகுது."

பிரியந்தி எடுத்துக் குடித்தாள்.